பெட்டியடிக்கும் சிவசாமியும் இடி விழுந்த படகும்

வாயில் ஒரு பிடி ஆணி இருந்தால்தான் சிவசாமிக்குப் பேச்சு வரும். ஆணிகளை ஒரு கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மறு கடைவாயால் பேசுவார். நாக்கால் ஒன்றை முன்னுக்குத் தள்ளி எடுத்துச் சுத்தியலால் ஒரே போடு. கண் முன்னே ஒரு தேயிலைப் பெட்டி எழும்பி நிற்கும். அதைத் தட்டிக்கொடுத்து, "இவ கப்பலேறிப் போற பொண்ணு மொதலாளி. போற எடத்துல ஒழுகிட்டான்னா பேரு யாருக்குக் கெடும்? பெத்தவனுக்குத்தான்" என்பார். வீட்டில் பெற்ற பெண்கள் மூவர். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் பெட்டியாய் அடித்துக் கட்டிக்கொடுத்தவர்களுக்குக் கணக்கில்லை.

கந்தப்பளைக்கு மேலே உள்ள தோட்டத்தில் அவருக்கு இந்த வேலை. இடது கால் குட்டை. சின்ன வயதில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது மண் சரிந்து நசுங்கியது. கொஞ்சத் தூரம் போனாலே தாங்கித் தாங்கி நடப்பார். மலையேற முடியாத மனிதருக்கு உட்கார்ந்து செய்கிற பெட்டி வேலைதான் சோறு, குடியிருக்கிற லயத்துக் காம்பரா, எல்லாம்.

நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். சாக்கு தூக்கித் தொடங்கி, இன்று கந்தப்பளைக் கடைத்தெருவில் இரும்புக்கடையும் சொந்த லொறியும் வைத்திருக்கிறேன். என் கடை ஆணியைக் குறை சொல்ல இந்த மலையில் எவனுக்கும் வாய் வராது. சிவசாமி ஒருவர்தான் ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்த்து, "இது கூனன். இது என்னய மாதிரி நொண்டி. மாத்திக் குடுங்க" என்று திருப்பித் தருவார். ஆளை எடை போடுவதில் என் கண் பிழைத்ததில்லை. முதல் தடவை திருப்பித் தந்த அன்றே இந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

இந்த ஐப்பசியில், நுவரெலியா ஏரிக்கரையில் கட்டியிருந்த தோட்டத் துரையின் பாய்ப்படகில் இடி விழுந்தது. பாய்மரம் உச்சியிலிருந்து அடிவரை உரித்த கரும்பாய்க் கிழிந்து நின்றது. அதை இழுத்துப் பிடித்திருந்த கம்பி உருகி, மணி மணியாய் உறைந்திருந்தது. பாயைத் தொட்டால் கரி உதிர்ந்தது. அத்தனை நீளச் சாமானை அந்த மலைப்பாதை வளைவுகளில் கொண்டுவர என் லொறியைத் தவிர வேறெது துணியும்? பெட்டிக் கொட்டகை முன்னால் இறக்கினேன். "சிவசாமி, இதும் பெரிய பெட்டி. நீ சரி பண்ணு" என்றார் துரை.

சிவசாமியின் மனைவி மீனம்மா கொட்டகைப் பக்கமே வரவில்லை. இடி விழுந்த மரத்தை விறகுக்குக்கூட வீட்டில் சேர்க்காத சனம் எங்கள் சனம். "அதத் தொட்ட கையோட காம்பராவுக்குள்ள வராதீங்க. பீலியில குளிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ஐப்பசிக் குளிரில் தினமும் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் நின்று மனிதர் இருமத் தொடங்கினார்.

புது மரம் சீவி நட்டார். வெடித்த பலகையை மாற்றினார். அப்புறம்தான் பிசகினார். பொண்ணை அலங்கரித்துப் பார்க்கிற அவசரம், படகு முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார். திரும்ப ஏரியில் இறக்கியதும், துரையும் துரைசாணியும் ஏறி நடுவுக்குப் போனார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரை தொப்பியைக் கழற்றித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். துரைசாணி காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு பலகைமேல் ஏறி நின்றார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் துரை சொன்னார்: "ஒழுகுற பெட்டி செய்ற ஆள் ஸ்டோருக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை இன்னும் ஒரு தரம் பாக்கிறேன். நீ தனியா ஏறு. தண்ணி வந்தா, நீ கவ்வாத்துக்குப் போ."

தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக்கு மலையுச்சிவரை ஏற வேண்டும். அந்தக் காலோடு சிவசாமி ஒரு வாரம் தாங்கமாட்டார். வேலை நின்றால் காம்பராவும் போகும்.

கவ்வாத்துக்காரன் அழகுமுத்து சும்மா இருப்பானா? "அண்ணே, ஒங்களுக்கும் ஒரு கத்தி தீட்டி வைக்கவா? இல்ல, அந்தப் பொட்டியில மீனு வளப்பமா?"

"வளத்துருவோம்டா. மொத மீனா ஒன்னையத்தான் விடணும்" என்றார் சிவசாமி. வாய்தான் அப்படி. அன்று அவர் அடித்த ஆணியில் பாதி வளைந்துபோனது.

கொட்டகைக்குத் திரும்பி வந்த படகின் பெயின்ட் முழுவதையும் சுரண்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். ஓட்டை அகப்படவில்லை. பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை அவர் எப்போதும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். ஊசிமுனை ஓட்டையானாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும், அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, ஆள் கூப்பிட்டுப் படகைக் குப்புறக் கவிழ்த்தார். சுற்றிவரச் சாக்கால் அடைத்துவிட்டு உள்ளே தவழ்ந்து போனார். பிறகு, ஓட்டை அடைக்கிற கீல் கொண்டுபோயிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"மொதலாளி, உள்ள வாங்க! பட்டப்பகல்ல நச்சத்திரம்!"

இந்தத் தொந்தியோடு நானும் ஊர்ந்தேன். கும்மிருட்டு. தலைக்கு மேலே, அடிப்பலகை நெடுக ஊசிக்கண் ஊசிக்கண்ணாய் வெளிச்சம். பாய்மரத்தில் இறங்கிய இடி தண்ணீருக்குள் போன வழி அது. பெயின்ட் மூடிவைத்ததைத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறது.

ஒவ்வொரு கண்ணிலும் ஈர்க்கு நுனியைக் குத்தி வெளியே நீட்டினார் சிவசாமி. "வெளிய யாரு இருக்கா? ஈர்க்கு எட்டிப் பாக்குற எடத்துல அடையாளம் வைங்கப்பா!" இடி போன வழியைத் தொட ஒருவரும் கிட்ட வரவில்லை. சோறு கொண்டுவந்து தள்ளி நின்ற மீனம்மாதான் பொறுக்கமாட்டாமல் சீறினாள்: "ஒரு மனுசன் உள்ள கெடந்து கத்துறாரு. ஆம்பளைங்க அத்தன பேரும் மரமாட்டம் நிக்கிறீங்களே!" லயத்துக்கு ஓடி மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து, ஈர்க்கு தலைகாட்டிய இடத்திலெல்லாம் பொட்டு வைத்தாள்.

"யாரு, மீனாவா? தொட்டுட்டியா?" உள்ளேயிருந்து குரல். "அப்ப இன்னிக்கு ரெண்டு பேருமா பீலிக்குப் போவோம்டி."

"வாயிலயும் ஒரு ஆணிய அடிங்க!" என்றாள் அவள்.

பொட்டு வைத்த இடங்களில் மரமுளை அடித்து, கீல் உருக்கி ஊற்றினார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தோட்டத்துச் சனம் பாதி கூடிவிட்டது. சிவசாமிக்கு நீச்சல் தெரியாது. ஒரு கயிற்றைக் கட்டிப் படகை உள்ளே தள்ளிவிட்டார்கள். இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு குந்தியிருந்தார். மீனம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். துரை ஒரு சுருட்டைக் கடைசிவரை குடித்து முடித்தார்.

"தண்ணி இருக்கா?" என்று கத்தினார்.

சிவசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். குனிந்து, படகின் அடி நெடுக, மூலைமுடுக்கெல்லாம் அழுத்தி அழுத்தித் துடைத்தார். பிறகு, படகு ஆட ஆட, குட்டைக் காலை ஊன்றி எழுந்து, கரைக்கு நேராய் நின்று, அந்தத் துண்டை உயரத் தூக்கி முறுக்கிப் பிழிந்தார். ஒரு சொட்டு விழவில்லை. துரைக்கு நன்றாய்த் தெரியட்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்.