பதினேழாம் இலக்கப் படகு

உட்துறைமுக வீதியில் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் எங்கள் அலுவலகம். நானும் என்னோடு படித்த தோழியும் மட்டும். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று மேசைவரை வரும்.

பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களான சல்லி, நிலாவெளி மீனவர்களுக்காக ஒரு செயலி செய்தோம். படகு நிற்கும் இடத்தை அதிலிருக்கும் போன் எங்கள் சேர்வர் கணினிக்கு அனுப்பும். வீட்டில் இருப்பவர்கள் பார்த்து ஆறுதல்படலாம். எங்கள் ஊருக்கென்று நாங்களே எழுதிய முதல் வேலை. கேட்பவர் யாரென்று சேர்வர் விசாரிக்க வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டோம்.

ஒருநாள் காலை சல்லியிலிருந்து ஒரு படகுக்காரர் படியேறி வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை; நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை, மூண்டு நாளாய் நான் வலை போடுற இடத்தில இன்னொருத்தன் எனக்கு முன்னால நிக்கிறான்."

"தற்செயலாய் இருக்கும் அண்ணை."

"அந்த இடத்தை நான் என்ர தம்பிக்கே சொன்னதில்லை."

தோழி பிறவுசரைத் திறந்தாள். இணைய முகவரியின் கடைசியில் அவருடைய படகின் இலக்கம் பதினேழைத் தட்டினாள். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் வரைபடம் விரிந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இதை ஆரும் பாக்கலாமோ?"

"ஓம்," என்றாள் தோழி. நானென்றால் மழுப்பியிருப்பேன்.

பார்த்தது யாரென்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. அதைத்தான் நாங்கள் பதிந்து வைக்கவே இல்லையே.

அன்றே செயலியை நிறுத்தினோம். ஒரு கிழமை, ஏழு நாளும் வேலை. உள்நுழைகிற ஒவ்வொருவருக்கும் சேர்வர் தன் முத்திரையோடு, அவரவர் படகின் இலக்கம் உள்ள ஒரு டோக்கன் கொடுக்கும்; அனுமதிச் சீட்டு மாதிரி. போன் ஒவ்வொரு முறையும் அதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதில் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். தோழி வேறொரு படகின் டோக்கனை வைத்துக்கொண்டு பதினேழைக் கேட்டாள். வரைபடம் வந்துவிட்டது.

"டோக்கன் உண்மையோ எண்டுதான் பாக்கிறம். ஆருடையது எண்டு பாக்கேல்லை," என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. படகின் இலக்கத்தை முகவரியிலிருந்து எடுக்காமல் டோக்கனுக்குள்ளிருந்தே எடுக்கும்படி மாற்றி எழுதினோம்.

பிறகு அவரை அழைத்தோம். இந்த முறை கதிரையில் அமர்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டிப் பார்த்தார். தன் படகைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"நீங்கள் ரெண்டுபேரும் பாக்க ஏலுமோ?"

"ஓம்," என்றாள் தோழி மறுபடியும்.

அவர் கதிரையை விட்டு எழுந்தார். "உங்களிட்ட வலை இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப பரவாயில்லை." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். ஆனாலும் அன்று பின்னேரமே எல்லாப் படகுகளையும் பார்க்க எங்களுக்கென்று வைத்திருந்த அந்த வழியையும் அடைத்துவிட்டோம்.

தோழி இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள். போன கிழமை கதைக்கும்போது, "அந்தக் கிழமை ஒழுங்காய்ச் சாப்பிடக்கூட இல்லை, என்னடி," என்றாள். உண்மைதான். இடியப்பப் பார்சல் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஆறிக் கிடக்கும். பிழை பிடிபட்டதும் இருவரும் ஒன்றாகக் கத்துவோம். கீழே தையல் மெசின் ஒரு நிமிடம் நிற்கும். பிறகு எத்தனையோ பெரிய வேலைகள் செய்துவிட்டேன். அப்படிக் கத்தியதில்லை.