மூன்று முறை மணந்த சீமாட்டியும் என் மச்சாளும்

என் மச்சாள், அதாவது கணவரின் தங்கை, மூன்றாவது முறை கல்யாணம் செய்யப்போகிறாள் என்று தெரிந்த மாதத்தில்தான் அந்தச் சீமாட்டியின் கதையையும் கேட்டேன். லண்டனின் மேற்கு ஓரத்தில் பழைய மாளிகை ஒன்றை மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மச்சாள் அங்கே சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வழிகாட்டியாக நிற்கிறாள். எங்கள் கோயிலுக்கு வரும் பெண்களுக்குத் தமிழிலேயே சுற்றிக்காட்டுகிறேன் என்று அவள் சொன்னதால் நகரின் மறுபக்கம் லூயிஷாமிலிருந்து ஒரு வான் வண்டியில் புறப்பட்டோம்.

வழி முழுக்க மச்சாளைப் பற்றிய பேச்சுத்தான். முதல் புருஷனை விட்டுவிட்டு வந்தவள், பிறகு ஒரு வெள்ளைக்காரரைக் கட்டினவள், அவரும் இறந்து இப்போது மன்னாரிலிருந்து வந்த வேதக்காரர் ஒருவர், கிறிஸ்தவர். நான் அவளுடைய அண்ணன் மனைவி என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்த்தவில்லை.

வாசலில் அவள் நின்றாள். கறுப்புச் சட்டை, நரையை மறைக்காமல் குட்டையாக வெட்டிய தலைமுடி. வண்டியில் பேசிய அத்தனை பேரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார்கள்.

மேல்மாடியில் ஒரு பெரிய படத்துக்கு முன்னால் எங்களை நிறுத்தினாள். சாம்பல் நீலப் பட்டில் ஒரு பெண், வரைந்தவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்து எழுநூறுகளில் வாழ்ந்த பிரபுக் குடும்பத்துப் பெண். குமரியாக இருந்தபோதே தகப்பனின் வயதுள்ள பிரபு ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். ஒரு மகள் பிறந்தாள். அவன் வேட்டைக்கும் சூதாட்டத்துக்கும் போக, அவள் ஒரு குதிரைப்படைக் கப்டனை விரும்பினாள். பிரபு வழக்குப் போட்டான். அவளுடைய அறையைப் பெருக்கியவர்களைக் கூட்டி வந்து, எந்தக் கதவு பூட்டியிருந்தது, கட்டில் எப்படிக் கலைந்திருந்தது என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். அவர்கள் சொன்னதை அச்சடித்துத் தெருவில் விற்றார்கள். பாராளுமன்றமே சட்டம் போட்டு அந்தக் கல்யாணத்தை முறித்தது. பிரபு தன் வீட்டில் மாட்டியிருந்த அவளுடைய படத்தைக் கழற்றிக் குதிரை லாயத்துக்கு அனுப்பினான். அவள் கப்டனைக் கட்டினாள். அவன் காய்ச்சலில் செத்தபின், தன்னைவிட மிக இளையவனான இந்த மாளிகைச் சொந்தக்காரனைக் கட்டினாள். அவன்தான் இந்தப் படத்தை வரைவித்து வீட்டின் நடுவில் மாட்டினான்.

மச்சாள் கையை வீசாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். பெண்கள் வாய் திறந்தபடி கேட்டார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்தச் சீமாட்டி மேல் ஒரு பங்கு, மச்சாள் மேல் மூன்று பங்கு. என் கணவர் நல்லவர். குடி இல்லை, கைநீட்டல் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். என் கதையைக் கேட்க எந்தக் கூட்டமும் நிற்காது. மற்றவர்கள் ஏசுவதற்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்களில் மூத்த அன்ரி ஒருவர், எல்லோர் மனதிலும் இருந்ததைக் கேட்டார்: "அவவின்ர பிள்ளையை அவவிட்டக் குடுத்தவையோ?"

மச்சாளின் மகன் தகப்பனோடு வளர்ந்தவன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் தடுமாறுவாள் என்று காத்திருந்தேன்.

"இல்லை அன்ரி. அந்தக் காலத்தில பிள்ளை தகப்பனுக்குத்தான் சொந்தம். பிறகு அவ மகளைக் காணவேயில்லை," என்றாள். படத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "என்ர மகன் இப்ப என்னட்டச் சாப்பிட வாறவன். அந்தளவில நான் குடுத்து வைச்சவள்."

அன்ரி கண்ணைத் துடைத்தார். துக்கமும் மச்சாளுக்குத்தான் பொருந்தியது. அதிலும் எனக்குப் பொறாமை வந்தது.

பிறகு மாளிகையின் தேநீர்க் கடையில் என்னைத் தனியாக இருத்தினாள். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க இன்னும் ஓராள் வேண்டும், அண்ணன் வரமாட்டார் என்று தெரியும், நான் வருவேனா என்று கேட்டாள். ஏன் என்னைக் கேட்கிறாள் என்று கேட்டேன். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காது எண்டது முகத்திலயே தெரியும், மச்சாள். மற்றவையள் மனசில ஒண்டை வைச்சு வெளியில சிரிச்சுக்கொண்டெல்லே நிக்கினம்."

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது. "பிடிக்காமல் இல்லை. எரிச்சல். எல்லாம் உமக்குத்தான் நடக்குது. எனக்கு ஒண்டுமே நடக்கேல்லை."

அவள் சிரிக்கவில்லை. கோப்பையைச் சுழற்றியபடி யோசித்தாள். "அப்ப வாங்கோ," என்றாள். "அண்டைக்கு உங்களுக்கும் ஏதும் நடக்கட்டும்."

போனேன். கணவர் வரவில்லை, போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பதிவு நடந்த கவுன்சில் மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு உறுதிமொழி வார்த்தைகள் தடுமாறின. மச்சாள் அவர் கையைப் பிடித்துக் காத்திருந்தாள். அவளுடைய மகன் பின்வரிசையில் தனியாக இருந்தான். நான் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சேலையின் நிறத்தில் தொடங்கி, மாப்பிள்ளை தடுமாறியது, மகன் கடைசியில் எழுந்து வந்து தாயின் தோளைத் தொட்டது வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்படி என்னைப் பார்த்து எவ்வளவு காலம் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் அவர் திருப்பித் திருப்பிக் கேட்டதெல்லாம் தங்கையைப் பற்றித்தான்.