வெறும் தண்ணீர் குடித்த எலிகள்

ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எனக்கு வெள்ளெலிகள் மேல் பொறாமை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் ஆளும் இல்லை.

எங்களுடையது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அப்பா பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் வேலை கிடைத்துப் போனார். பின்னாலேயே அம்மாவும் கைக்குழந்தையாக இருந்த தம்பியும் போனார்கள். அவர்களுக்கு அங்கே கிடைத்தது ஒரே அறை. பெரிய வீடு கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை லாஸ்பேட்டையில் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று குடும்பத்தில் அவள் ஒருத்தி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டாள்.

அத்தையின் ஆராய்ச்சி சப்பாத்திக்கள்ளியைப் பற்றியது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டிப் போவோம். மணல்மேட்டில் வேலி வேலியாக வளர்ந்து கிடக்கும் கள்ளியை அவள் இடுக்கியால் பிடித்து அறுப்பாள், நான் சாக்கை விரித்துப் பிடிப்பேன். திரும்பும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சாக்கு உட்கார்ந்து வரும். முள் குத்தும் என்பதால் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொள்ள முடியாது.

வீட்டில் கள்ளியைத் தோல் சீவித் துண்டு போட்டு, செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவைப்பாள். பிறகு அதைப் பொடியாக்கிச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டினால், கடைசியில் கரும்பச்சையாகப் பிசின் மாதிரி கொஞ்சம் மிஞ்சும். வீக்கத்தை வற்றவைக்கிற பொருள் ஒன்று அதற்குள் இருக்கிறது, அதன் பெயர் பீட்டா சிட்டோஸ்டீரால் என்று ஒருமுறை சொன்னாள். வாய்க்கு நன்றாக இருந்ததால் அந்தப் பெயரை நான் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மருந்து எலிகளுக்குத்தான் போனது. அத்தை வேலை பார்த்த கல்லூரியின் ஆய்வகத்தில் கூண்டு கூண்டாக வெள்ளெலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னங்கால் வீங்கியிருக்கும். அத்தை எலியை இடது கையில் ஏந்தி, மருந்தை வாயில் புகட்டுவாள். மணிக்கொருமுறை அதன் பாதத்தைப் பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் முக்கி எடுப்பாள். பாதரசம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு வீக்கம். அந்த நேரத்தில் அவள் முகம் கனிந்து போகும். எலியின் முதுகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, ‘அவ்ளோதான், அவ்ளோதான்’ என்று முணுமுணுப்பாள். என்னிடம் அவள் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ‘அவ்ளோதான்’ என்று அந்தக் குரலில் என்னிடம் சொன்னதும் இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாடும்போது கால் பிசகியது. கணுக்கால் பந்து போல் வீங்கிவிட்டது. டீச்சர் அத்தையின் செல்போனுக்கு அடித்துப் பார்த்தார். அது அணைந்திருந்ததால் என்னை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். வீடும் பூட்டியிருக்கும் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஒற்றைக்காலில் மாடி ஏறினேன். வலித்தது. ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தோஷம். ஒருவழியாக எனக்கும் வீங்கிவிட்டது.

அத்தை கையில் எலியோடு நின்றிருந்தாள். என் காலைப் பார்த்ததும் பதறி எலியைக் கூண்டில் விட்டுவிட்டு வந்தாள். விரலை அசைக்கச் சொன்னாள், அசைத்தேன். எலும்பு முறியவில்லை என்றாள். வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, காலைத் தூக்கி வைத்து, ஈரத்துணியைச் சுற்றினாள். குடிக்கத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு முறை அளக்க வேண்டியிருக்கிறது, நடுவில் விட்டால் எல்லாம் வீண், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லி உள்ளே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. எலிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, அளந்து, திரும்ப விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் எல்லாம் போன பிறகு வராந்தாவில் விளக்குப் போட்டார்கள். துணி காய்ந்துவிட்டது.

வேலை முடிந்து வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். நான் அந்தப் பச்சை மருந்தைக் கேட்டேன்.

“அது இன்னும் மருந்தாகல பாப்பா. ஆகுமான்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“எலிங்களுக்கு மட்டும் குடுக்கறீங்க. பாவம், அதுங்களுக்குக் கால் வீங்கியிருக்குன்னு.”

அத்தை என் காலில் காய்ந்துபோன துணியை அவிழ்த்தாள். பிறகு, பொய் சொல்லத் தெரியாதவள் ஆகையால், உண்மையைச் சொன்னாள். எலிகளுக்குத் தானாக வீங்கவில்லை, கடல்பாசியில் எடுத்த ஒரு பொடியைக் கரைத்து ஊசி போட்டு அவளேதான் வீங்கவைத்தாள். எல்லா எலிக்கும் மருந்து கிடையாது. பாதிக்கு வெறும் தண்ணீர்தான், வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா என்றாள்.

தண்ணீர் குடித்த எலிகள் என்ன ஆகும் என்று கேட்டேன். வீங்கியபடியே இருக்கும் என்றாள்.

நான் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன். “எனக்கும் தண்ணிதான் குடுத்தீங்க” என்றேன். குறும்புக்குச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளத்தான் சொன்னேன்.

அத்தை என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு என்னை ஆட்டோவில் கூட்டிப்போனாள். அங்கே கட்டுப் போட்டார்கள். வழியெல்லாம் என் தோளில் கை போட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவின் போன் வந்தது. வழக்கமாக என்னிடம்தான் முதலில் கொடுப்பாள். அன்று சமையலறைக்குள் எடுத்துப்போய்ப் பேசினாள். எனக்குக் கேட்டது.

“எடம் சின்னதா இருந்தாலும் பரவால்லண்ணா. பாப்பாவ கூட்டிட்டுப் போயிடு. தனியா இருக்கா.”

என்னைத் தொல்லை என்று நினைத்துத்தான் அனுப்புகிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். எலியைப் பற்றி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அன்றிலிருந்து அவளிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பள்ளி விடுமுறையில் அப்பா வந்து அழைத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன். அந்த நாட்களில் அத்தை சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏதாவது சமைத்து வைத்துவிட்டு, நான் இருக்கும் அறையின் வாசலில் வந்து நிற்பாள். நான் பிரெஞ்சுப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பேன். சற்று நின்றுவிட்டுப் போய்விடுவாள்.

‘தனியா இருக்கா’ என்று அத்தை சொன்னது என்னைப் பற்றித்தான். அடுத்தவளின் தனிமையை அவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்ள அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது வரவில்லை.