புழுப்பெட்டியின் மேல் ஓர் இருக்கை

இங்கே ஜெர்மனியில், என் எதிர்வீட்டு காத்ரின் தம் விருந்தினரைப் புழுக்களின் மேல் உட்கார வைக்கிறார். சாப்பாட்டு மேசையருகே ஒரு மரப்பெட்டி. மேலே மெத்தை, உள்ளே காய்கறித் தோலைத் தின்று உரமாக்கும் மண்புழுக்கள். 'வுர்ம்கிஸ்டே' என்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போன முதல் நாள் என்னை அதில்தான் உட்காரச் சொன்னார். உள்ளே இருப்பதைக் காட்டியபோது நான் முகம் சுளிக்காதது அவருக்கு வியப்பு. "என் அம்மா இருபது வருடம் மண்புழு உரத்தில்தான் வேலை செய்தார்" என்றேன். "ஆராய்ச்சியாளரா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரிப்பை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

அம்மா தொண்டாமுத்தூரில், நாங்கள் பண்ணாடி என்று அழைக்கும் நிலக்காரரின் தென்னந்தோப்பில் உரத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். சாணியும் தென்னை மட்டையும் மட்கிய தொட்டியில் குனிந்து அள்ளி, சலித்து, மூட்டை கட்டுவாள். தொட்டிகள் இருந்த கொட்டகையில் ஒரு நாற்காலி உண்டு. அம்மா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் பள்ளிக்கு வரும் நாளில் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். அப்படி வைக்கச் சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், வகுப்பிலும் முதல். கல்லூரிப் படிவத்தில் அம்மாவின் தொழில் 'விவசாயம்' என்று எழுதினேன். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

காத்ரின் தம் புழுக்களில் பாதியை ஒரு பெட்டியில் போட்டு எனக்குத் தந்தார். ஊரில் அரிசி கழுவிய தண்ணீர், மிச்சக் குழம்பு, எல்லாம் மாட்டுக்கான கழனித்தொட்டிக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் மிஞ்சிய புளிச்சோற்றையும் ஊறுகாயையும் பெட்டியில் கொட்டிவிட்டேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் புழுக்கள் விளிம்பில் ஏறி நின்றன. பாதி அசையவே இல்லை.

"உங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள். நிபுணர் ஆயிற்றே" என்றார் பார்க்க வந்த காத்ரின்.

வீடியோவில் அம்மா பெட்டியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"ஏங்கண்ணு, கழனித்தொட்டின்னு நெனச்சுக் கொட்டிப்போட்டியாக்கு? இத்தன படிச்சும் இது தெரியலையே! உப்பும் புளியும் அதுகளுக்கு ஆகாது. மேல கெடக்கறத அள்ளி எறிஞ்சுபோட்டு, ஈரச்சாக்குப் போட்டு மூடு. பண்ணாடி ஊட்டுக் கண்ணாலத்துல மிஞ்சுன சோத்த இப்படித்தான் தொட்டீல கொட்டிப்போட்டாங்க. அத்தன புழுவும் செத்துப்போச்சு. என்னையத்தான் திட்டுனாங்க. வெறுங்கையிலதான் அள்ளுனேன். ரெண்டு நாளு சோறு எறங்குல."

"என்ன சொல்கிறார்?" என்றார் காத்ரின்.

"உப்பும் புளிப்பும் ஆகாதாம். ஈரத்துணியால் மூட வேண்டுமாம்."

"எந்த ஆய்வகத்தில் இருந்தார் என்று கேளுங்களேன்."

"அந்தம்மா என்ன கேக்கறாங்க?" என்றாள் அம்மா.

"நல்லாருக்கீங்களான்னு கேக்கறாங்க."

அம்மா இரு கைகளையும் கூப்பினாள். "நல்லா இருக்கறனுங்கன்னு சொல்லு கண்ணு."

"கோயம்புத்தூரில்" என்று காத்ரினிடம் சொன்னேன்.

பிழைத்த புழுக்கள் ஈரத்துணிக்கடியில் பந்தாகச் சுருண்டு கிடந்தன. அடுத்த ஞாயிறு அழைத்தபோது அம்மா முதலில் அவற்றை விசாரித்தாள். பிறகு கேட்டாள்:

"நா அவ்ளோ நேரம் பேசுனேன். நீ அந்தம்மாகிட்ட ரெண்டு வார்த்தையில முடிச்சுப்போட்ட. மீதிய எங்க போட்ட, அம்மணி?"

"அவங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்மா."

"செரி. உனக்குப் புரிஞ்சுதல்ல" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காத்ரின் வீட்டுக் கதவுக்கு நான்கு எட்டு வைத்தால் போதும். போய்ச் சொல்ல அதிக ஜெர்மன் மொழியும் தேவையில்லை. நான் போகவில்லை. மறுநாள் காலை, பெட்டியின் அடியில் செத்து ஒட்டிக்கிடந்தவற்றைக் கையுறை இல்லாமல் அள்ளிப் போட்டுவிட்டு அலுவலகம் போனேன். மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் அந்த ஈர உரவாடை நின்றது. கூட்டத்தில் என் முறை வந்து பேசும்வரை கைகளை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணத்தில் ஒரு கையை மெல்ல எடுத்து, முகத்தருகே வைத்து, முகர்ந்தேன்.