இந்த ஆண்டு ரத்தம் இல்லை

சொய்லாவுக்கு வயது நாற்பத்தாறு, உயரம் மூன்றரை அடி. ஈக்வடாரின் தெற்கு மலையில் காப்பிக்கொட்டை வறுத்துச் சந்தையில் விற்கிறாள். தராசு எட்டுவதற்கு மரப்பெட்டிமேல் ஏறி நிற்பாள். குள்ளச்சி என்று எவனாவது வாயைத் திறந்தால் அவன் ஏழு தலைமுறையும் சந்திக்கு வரும்.

மலைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். அவளையும் சேர்த்து வளராதவர்கள் அங்கே பதினெட்டுப் பேர். ஆகஸ்டு மாதம் பிறந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள். பதினெட்டுப் பேரும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கை நீட்டுவார்கள். ரத்தம் கொடுத்தால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டு. இருபத்தாறு வருஷமாக இதே கூத்து.

முதல் இரண்டு வருஷம் அவள் தம்பி எர்மெலுக்கு ஊசியும் போட்டார்கள். அப்போது அவனுக்குப் பத்து வயது. ஒரே வருஷத்தில் நாலு விரற்கடை வளர்ந்தான். பிறகு ஊசியை நிறுத்தினார்கள், ரத்தத்தை நிறுத்தவில்லை.

எர்மெலின் மகள் மரிசேலாவும் வளரவில்லை. ஊசி போட்டால் வளரலாம் என்று கண்ணால் பார்த்த குடும்பம் அல்லவா? அவள் அம்மா பசுவை விற்று, நகரத்து மருந்துக்கடையில் வளர்ச்சி ஊசி கேட்டு வாங்கிப் பதினோரு மாதம் குத்தினாள். கதவில் போட்ட பென்சில் கோடு நூலளவுகூட ஏறவில்லை.

இந்த ஆகஸ்டில் சொய்லாவின் முறை வந்தது. மரிசேலா அவள் பக்கத்தில் நின்றாள்.

"சொய்லாம்மா, கையக் குடுங்க," என்றார் டாக்டர் எஸ்தெவெஸ்.

"இருங்க. என் தம்பிக்குப் போட்ட ஊசியும் இந்தப் புள்ளைக்குக் கடையில வாங்கிப் போட்டதும் ஒண்ணா?"

"இல்லம்மா. இவளுக்குப் போட்டது வளர்ச்சி ஹார்மோன். அது உங்க ஒடம்புல ஏற்கெனவே கொட்டிக் கெடக்கு. செல்லுமேல அது போய் ஒட்டுற எடம் கோணலா இருக்கு. வாசல்ல நின்னு கத்துது, உள்ள யாருக்கும் காது கேக்கல. கேட்டா கல்லீரல் இன்னொரு பொருளச் செஞ்சு அனுப்பும். எலும்ப வளக்கிறது அதுதான். எர்மெலுக்கு அந்தப் பொருளையே நேராப் போட்டோம்."

இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் எர்மெல் வீட்டில் உட்கார்ந்து சொல்லவில்லை.

"அப்போ மருந்து இருக்கு!"

"இருக்கு. ஆனா வரவழைக்கிறது கஷ்டம்."

"எங்க ரத்தம் மட்டும் நோகாம கடல் தாண்டிப் போகுது. மருந்து வரத்தான் வழி தெரியலையோ?"

"கோவப்படாதீங்க. உங்க ஆளுங்களுக்குப் புத்துநோய் வர்றதே அபூர்வம். உங்க ரத்தம் உலகத்துக்கே..."

"உலகம் நல்லா இருக்கட்டும்யா! இவ எலும்பு மூடி வளர்ச்சி நிக்க இன்னும் ஆறு வருஷமோ ஏழு வருஷமோ. எனக்குக் காலம் போச்சு. இவளுக்கும் போகணுமா?"

அவள் பெஞ்சின்மேல் ஏறினாள். சட்டைக் கையை இழுத்துவிட்டாள்.

"எல்லாரும் கைய மடக்குங்க! மருந்து வரட்டும், அப்புறம் ரத்தம்."

முதலில் மடக்கியவன் எர்மெல். பிறகு ஒவ்வொருவராக மடக்கினார்கள். டாக்டர் குனிந்து குழாய்களை அடுக்கினார்.

"அத்தே, பசிக்குது. ரொட்டி குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்கடி. வா, வீட்டுல சாப்பிடலாம்."

பதினெட்டுக் குழாய்களும் காலியாகவே மலையிறங்கின. வீட்டுக் கதவில் மரிசேலாவின் பென்சில் கோடு போன ஆகஸ்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.