அதுவாக வந்த வரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'வருந்துகிறோம்'. வெந்நீர் ஹீட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சூடாகவில்லை, ஒழுகுகிறது, ஷாக் அடிக்கிறது என்று ஊரே மெயிலில் திட்டும். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கிப் பதில் போடுவது எங்கள் பிழைப்பு. நான் அதை அலுவலகத்தோடு விட்டுவிடுவேன். அவர் காலை யாராவது மிதித்தால்கூட அவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், விமானம் ஏறிப் போகிற தூரத்தில் வேலை. மூன்றாவது மாடியில் அவர் மட்டும்.

போன வருஷம் எங்கள் மெயில் பெட்டிக்குப் புத்தி வந்தது. வந்த மெயிலைப் படித்து, கீழே மூன்று பட்டன்களில் பதிலை அதுவே எடுத்து நீட்டும். இரண்டு வார்த்தை அடித்தால் மீதியைச் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டும். ஒரு தட்டு தட்டினால் அது நம் வாக்கியமாகிவிடும். எழுதி வைத்ததை நாம் சொன்ன நேரத்துக்கு அனுப்பியும் வைக்கும். நான் முணுமுணுத்துக்கொண்டே பழகினேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்து மெயிலையும் மகளுக்கு எழுதி, தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்று போகும்படி வைத்துவிடுவார்.

"அண்ணா, புதன்கிழமை என்ன நடக்கும்னு ஞாயித்துக்கிழமையே உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சீண்டினேன்.

"என் வீட்ல புதன்கிழமை என்னம்மா நடக்கப்போகுது?" என்று சிரித்தார். 

அலுவலகப் பதில்களையும் முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைப்பார். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வராதபோதும் அவர் பெயரில் பதில்கள் போய்க்கொண்டே இருந்தன. "வீட்லேர்ந்து வேலை பாக்கறார் போல" என்றார் மேனேஜர். புதன்கிழமையும் நாற்காலி காலி. பதில்கள் போயின.

அன்று மதியம் ஒரு புகார் என் பெட்டியில் விழுந்தது. ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: மேல் வீட்டிலிருந்து என் குளியலறைக் கூரை வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது, தட்டினால் கதவு திறக்கவில்லை, அந்த வீட்டுக்காரர் உங்கள் கம்பெனியில்தான் வேலை செய்கிறார், நீங்களாவது சொல்லுங்கள். கீழே முதல் பட்டன் வருந்தத் தயாராக நின்றது. விரல் அதன்மேல் போகும்போதுதான் முகவரியைப் பார்த்தேன். அவர் இருக்கும் கட்டடம், இரண்டாவது மாடி. மேனேஜரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். திங்கட்கிழமை இரவு, எங்கள் கம்பெனி ஹீட்டரே ஒழுகி, அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து குளியலறைத் தரையில் கிடந்தார். கை எட்டிய இடத்தில் சொட்டிய அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதால் கதவு தட்டும் சத்தம் கேட்டும் குரல் கொடுக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் அந்த மனுஷர் முதலில் சொன்னது, "சிரமம் குடுத்துட்டேன்மா."

அன்று மாலையே அறுவை சிகிச்சை முடிந்து, இரவில் அவர் தெளிந்த பிறகு, "பொண்ணுக்கு எப்படி அண்ணா தெரியாம போச்சு?" என்று கேட்டேன்.

"போன் கூடத்துல இருந்துச்சு. காலைல ஏழு மணி மெயில் தானா போயிரும். கொஞ்ச நேரத்துல அவ பதில் வந்து போன் டிங்குன்னு அடிக்கும். நான் இங்க நல்லா இருக்கேன்னு நானே சொல்றேன், சந்தோஷம்ப்பான்னு அவ சொல்றா. நான் கத்தினதுதான் யாருக்கும் கேக்கல."

நான் எடுத்து வந்திருந்த அவர் போனில் மகள் அனுப்பிய பதில்களைப் பார்த்தேன். "மகிழ்ச்சி அப்பா!" இரண்டும் ஒன்றே. அது எந்தப் பட்டன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 

"இப்பவாவது சொல்லட்டுமா?"

"வேணாம். பயந்துருவா. மிச்ச மெயிலை மட்டும் நிறுத்திரு."

ஒவ்வொன்றாக அழித்தேன். நடை போனேன், துணி துவைத்தேன், எல்லாம் நலம். கடைசியில் சனிக்கிழமைக்கு வைத்திருந்தது வந்தது. அதைச் சத்தமாகப் படித்தேன். "முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போம்மா. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழித்துவிடட்டுமா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"கடைசி வரி நான் எழுதுனது இல்லம்மா. சாம்பல் கலர்ல அதுவா வந்துச்சு. மரியாதையா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"என்ன செய்யட்டும் அண்ணா?"

"அந்த வரிய எடுத்துரு. எடுத்துட்டு, இப்பவே அனுப்பு."

எடுத்தேன். அனுப்பினேன். போனைத் தலையணையில், தன் காதோரமாக வைக்கச் சொன்னார்.