ஆப்பாக்கின் காது வெட்டு

நாரின் என்ற ஊரின் பக்கத்து மலைகளில் ஜிபாருக்குத் தெரியாமல் ஒரு ஆடு கைமாறியதில்லை. கூட்டுப் பண்ணையில் முப்பது வருஷம் ஆடுகளின் காதில் உடையவர் போட்ட அடையாள வெட்டைப் பார்த்து, இது இன்னாருடையது என்று சொல்வதுதான் அவள் வேலை. வேலை போன பிறகும் அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

அதனால், அவளுடைய பதினான்கு வயது வெள்ளைப் பூனை ஆப்பாக்கின் காது நுனி பொருக்குத் தட்டி, ஓரம் குறைந்தபோது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். பூனை பகலெல்லாம் பக்கத்து வீட்டுக் கிழவர் ஷார்ஷெனின் வைக்கோல் கொட்டகையில்தான் கிடக்கும். கிழவர் தன் வெட்டைப் போட்டுவிட்டார்.

"என்னண்ணே, பூனைக்கும் உங்க வெட்டா?" என்று வேலியோரம் நின்று கேட்டாள்.

"மீசையையும் எண்ணி வச்சுக்கோ தாயே, அடுத்து அதத்தான் களவாடப் போறேன்."

இப்படிச் சிரித்துப் பேசியவர்களைத்தான் அவள் பண்ணையில் நிறையப் பிடித்திருக்கிறாள். அன்றே பூனையைத் தன் கண்ணெதிரே வாசற்படியில் கட்டிப்போட்டாள். புண்ணில் ஆட்டுவால் கொழுப்பைத் தடவினாள். ஐந்து மாதம் ஆகியும் காது குறைந்துகொண்டேதான் போனது. தன் கண்ணில் படாமல் கிழவர் எப்படி வந்து வெட்டிப்போகிறார் என்று மண்டையைக் குடைந்துகொண்டாள். ரத்தம் சொட்டிய பிறகுதான் கால்நடை மருத்துவர் பெர்மெட்டிடம் தூக்கிப்போனாள்.

தாடைக்கடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று பெர்மெட் அழுத்திப் பார்த்தாள். காதோரத்தில் துளி சதை எடுத்து தலைநகர் பிஷ்கெக்கின் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். பத்து நாளில் முடிவு வந்தது. தோல் புற்று. இரண்டு காதையும் எடுத்தாக வேண்டும்.

ஜிபார் அவளை உற்றுப் பார்த்தாள். "ஷார்ஷென் உன்கிட்ட வந்தாரா?"

"எதுக்குக்கா?"

"திருட்டு ஆட்டோட காத முழுசா அறுத்துடுவாங்க. வெட்டு தெரியாதுல்ல?"

பெர்மெட் சிரிக்கவில்லை. "கத்தி பட்ட காது ஆறிடும்க்கா. இது ஆறாம தின்னுக்கிட்டே போவுது. வெள்ளைப் பூனைங்களுக்கு வெயில் பட்டுப் பட்டு வர்றது. முன்னாடியே வந்திருந்தா நுனியோட போயிருக்கும். நெறி இன்னும் கட்டல, இப்ப எடுத்தா பொழைக்க வாய்ப்பு இருக்கு. பகல்ல எங்க கிடக்கும்?"

இதே மாதிரிக் கேள்விகளை எத்தனையோ திருடர்களிடம் கேட்டவள் ஜிபார்.

"நிழல்லதான் கிடந்துச்சு," என்றாள். "நான்தான் அஞ்சு மாசமா வெயில்ல கட்டிப்போட்டேன்."